மெதுவாச் சாத்துங்க!

கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. காரில் போகிறவர்கள் ஒரு வகை. காரைக் காப்பாற்றுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அவர்களைப் பிடித்து உட்காரவைத்துப் பேசவே முடியாது, எப்போது போனாலும் எங்கேயாவது கிளம்பிப் போயிருப்பார்கள். இரண்டாம் வகையினர் அப்படியில்லை. எப்போது போனாலும் வீட்டில் இருப்பார்கள். காரும் இருக்கும்.

இந்தக் காப்பாளர் இனம் நம் தஞ்சாவூர்ப் பக்கம் தொண்ணூறுகளில்தான் பெருகியது. அதற்கு முன்பு கார் என்றால் பெரிய மிராசுதார் வீட்டு அம்பாசடர். அதில் விதைநெல் மூட்டை ஏறும், ஆட்டுக்குட்டி ஏறும், தேர்தல் வந்தால் தலையில் ஒலிபெருக்கி ஏறும், யாரும் கவலைப்பட்டதில்லை. பிறகு நாடு கதவைத் திறந்துவிட்டது என்றார்கள். அந்தக் கதவு வழியாகப் பிள்ளைகள் மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், சின்னச் சின்னக் கார்கள் உள்ளே வந்தன. பிள்ளை அங்கே, கார் இங்கே. பிள்ளையின் தலையைத் தடவ முடியாத தகப்பன்மார் காரின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். சரி, இவ்வளவு உருக்கம் கூடாது. பூதலூர் ஆசீர்வாதத்தை நேரில் பார்த்தால் உங்களுக்கு உருக்கமெல்லாம் வராது, எரிச்சல்தான் வரும்.

ஆசீர்வாதம் உரக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். மகன் டேவிட்சன் மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பி, "அப்பா, நீங்களும் அம்மாவும் இனிமே பஸ்ஸுல தொங்கக் கூடாது" என்று சொல்லி வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கார் அது. வண்டி வந்த அன்றே பங்குச் சாமியார் மந்திரிக்க வந்தார். அவர் ஒரு பக்கம் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போக, ஆசீர்வாதம் இன்னொரு பக்கம் மஞ்சள் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே போனார். காய்ந்தால் புள்ளி விழுமாம். அடுத்த வீட்டுச் சிங்காரவேலு, எந்தச் சாமியாக இருந்தால் என்ன, கண் எல்லோருக்கும் படும் என்ற நல்லெண்ணத்தில் ஒரு பூசணிக்காயோடு வந்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, அடுத்த தெருவில் போய் உடைத்துவிட்டு வரச் சொன்னார் நம் ஆள்.

அதற்குப் பிறகு காருக்கு உடுப்புகள் தைக்கப்பட்டன. உள்ளாடையாக, டேவிட்சன் தன் அம்மா போர்த்திக்கொள்வதற்காக அனுப்பிய புலி போட்ட கம்பளி. அதன்மேல், கடையில் மிஞ்சிய யூரியா சாக்குகளைப் பிரித்து ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு பெரிய அங்கி. அதனால் அந்தக் கார் நெஞ்சில் 'ஈரம் படாமல் பாதுகாக்கவும்' என்றும், முதுகில் 'கொக்கிகளை உபயோகிக்காதீர்கள்' என்றும் எழுதிக்கொண்டு கொட்டகையில் நின்றது. சீட்டுகளின்மேல் கம்பெனி போட்டனுப்பிய பாலிதீன் உறை அப்படியே இருந்தது. கோடையில் அதில் உட்கார்ந்து எழுந்தால், பர்ரென்று ஒரு சத்தத்தோடு முதுகுத் தோலில் கொஞ்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். காய்கறி வாங்கச் சைக்கிள். பூசைக்கு நடை. பெட்ரோல் பங்குக்குப் போகிற ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால், காருக்குப் பெட்ரோல் வாங்கவும் சைக்கிள்தான். ஹாண்டில் பாரில் கேன் ஆடிக்கொண்டே வரும்.

ஆனால் ஓட்டவே மாட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். சனிக்கிழமைதோறும் ஓட்டுவார். பாட்டரி இறங்கிவிடாமல் இருக்க, கொட்டகைக்குள்ளேயே ஒரு முழம் முன்னால், ஒரு முழம் பின்னால். அப்படி ஒரு சனிக்கிழமை அவர் மனைவி சகாயம்மாள் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முழம் முன்னால் போனது. முழம் பின்னால் வந்தது. இறங்கி, "பயணம் நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவள் இறங்கும்போது அவர் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார்: "மெதுவாச் சாத்து."

இதுதான் இந்த இனத்தின் கூவல். குயிலைக் குரலால் கண்டுபிடிப்பதுபோல இவர்களை இந்த ஒரு சொல்லால் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் கதவின்மேல் கை வைக்க வேண்டும், அவ்வளவுதான். "மெதுவா, மெதுவா, ரெண்டு விரல் போதும்" என்று குரல் வரும். இரண்டு விரலால் சாத்தினால் கார்க் கதவு சாத்திக்கொள்ளுமா? சாத்திக்கொள்ளாது. ஆகவே அவரே இறங்கி வந்து, சுற்றிப்போய், ஒவ்வொரு கதவையும் இடுப்பால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுத் திரும்பவும் ஏறுவார். வெள்ளிக்கிழமை போனில் டேவிட்சன், "எப்படிப்பா ஓடுது வண்டி?" என்று கேட்டால், "பஞ்சு மாதிரி போவுதுடா" என்பார். பக்கத்தில் நிற்கும் சகாயம்மாள் கூரையைப் பார்ப்பாள்.

அவள் பொறுமைக்கு ஒரு காரணம் இருந்தது. பேராவூரணியில் அவள் அண்ணன் வீடு. தென்னந்தோப்பு, மாடி வீடு, அந்த வீட்டு வாசலில் அண்ணி லூர்தம்மாள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் இவர்கள் மூன்று பஸ் மாறி, புடவை கசங்கி, தலை கலைந்து போய் நிற்கும்போது அந்த அண்ணி அன்பே உருவாகக் கேட்பாள்: "பஸ்ஸுலயா வந்தீங்க?" வேறு எதுவும் சொல்ல மாட்டாள். சோடா வரும், விசிறி வரும், சாப்பாடு வரும். ஆனால் அந்தக் கேள்வி முதலில் வந்துவிடும். பல வருஷமாக அதை வாங்கிக்கொண்ட சகாயம்மாளுக்கு, கார் வந்த அன்று தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாசலில் காரில் போய் இறங்க வேண்டும்.

ஈஸ்டர் முடிந்து அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். "இந்தத் தடவ கார்லதான். இல்லேன்னா நான் வரல, நீங்க போயி மொய் வச்சிட்டு வாங்க" என்றாள் சகாயம்மாள். அவர் மூன்று நாள் வானத்தைப் பார்த்தார். மழை வந்தால் தப்பிக்கலாம். சித்திரை வெயிலில் மழை எங்கே வரும்?

விடியற்காலையில் அங்கியும் கம்பளியும் கழற்றப்பட்டுக் கார் வெளியே வந்தது. சிங்காரவேலு குடும்பத்தோடு வந்து நின்று பார்த்தார். தஞ்சாவூர் தாண்டும்வரை எல்லாரும் அவர்களை முந்திப் போனார்கள். மாட்டு வண்டியைக்கூட அவர் முந்தவில்லை, மாடு கொம்பை ஆட்டினால் கீறிவிடும் என்று பின்னாலேயே போனார். மெயின் ரோட்டில் லாரிகள் உரசுமென்று ஒரத்தநாட்டுக்கு அப்பால் உள்ரோட்டில் திரும்பினார். அங்கேதான் விதி காய்ந்துகொண்டிருந்தது.

உளுந்து அறுவடை நேரம் அது. நம் பக்கத்தில் தார் ரோட்டைவிட நல்ல களம் ஏது? ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை காய்ந்த உளுந்தஞ்செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டி ஏறி ஏறி நெற்று உடையும், சாயங்காலம் செடியை உதறிவிட்டு உளுந்தைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார்கள். ஆசீர்வாதம் பிரேக் போட்டார். செடி அடியில் சுற்றும், சைலன்ஸரில் பட்டால் பற்றிக்கொள்ளும், நெற்று தெறித்துப் பெயிண்ட் போகும் என்று அவர் மனசு ஒரு கணத்தில் காரை எரித்துச் சாம்பலாக்கிவிட்டது.

கையில் செடியைப் புரட்டிப்போடும் கவைக்கோலோடு புளியமரத்தடியில் நின்ற ஒரு பெண் ஓடிவந்தாள். "ஏத்துங்கய்யா, மேலயே ஏத்திப் போங்க!"

"மொதல்ல இத ஒதுக்கும்மா. வண்டி போவணும்ல?"

"வண்டி போவத்தானேய்யா போட்டிருக்கு! லாரி ஏறுனா உளுந்து பருப்பாப் போயிடுது. பஸ்ஸு ஏறுனா நொறுங்கிடுது. ஒங்க வண்டிதான்யா பதம். பூ மாதிரி ஏறும். வாங்க."

மஸ்கட் பணத்தில் வாங்கி, தீர்த்தம் தெளித்து, கம்பளி போர்த்தி வளர்த்த காருக்குப் போரடிக்கிற உத்தியோகமா! ஆசீர்வாதம் என்ஜினை அணைத்தார்.

"எடுங்க" என்றாள் சகாயம்மாள்.

"இரு, காத்தடிச்சா செடி ஒதுங்கிடும்."

"பத்து மணிக்குக் கல்யாணப் பூசைங்க."

"ஒதுங்கிடும்ங்கறேன்ல."

பின்னாலிருந்து ஒரு பஸ் வந்து, வழி கிடைக்காமல் ஹாரன் அடித்தது. பேராவூரணி பஸ்தான். சகாயம்மாள் முன்னால் கிடந்த உளுந்தைப் பார்த்தாள், பின்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். பட்டுப்புடவை முதுகில் பர்ரென்று பாலிதீனிலிருந்து பிரிய, கீழே இறங்கினாள். இறங்கி, இத்தனை காலம் இரண்டே விரலால் சாத்திய அந்தக் கதவை, இரண்டு கையாலும், முழு பலத்தோடு அறைந்து சாத்தினாள்.

டமார்.

மரத்திலிருந்த காக்கை பறந்தது. அவள் போய்ப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். ஆசீர்வாதம் வண்டியை ஓரம் கட்ட, பஸ் உளுந்தின்மேல் மொறமொறவென்று ஏறிப் போயே போய்விட்டது. அவர் இறங்கி ஓடிவந்தார். பஸ்ஸின் பின்னாலா? இல்லை. கதவுக்கு. தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"அம்மா போயிட்டாங்களேய்யா" என்றாள் கவைக்கோல்காரி. "இனி யாருக்காவ நிக்கிறீங்க?"

அந்தக் கேள்விதான் அவருக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. பேராவூரணி வாசலில் அவள் தனியாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்பதும், லூர்தம்மாள் வாயைத் திறப்பதும் அவருக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை போன் வேறு வரும். ஏறினார். "அருள் நிறைந்த மரியே" என்று சத்தமாகச் செபம் சொல்லிக்கொண்டே காரை உளுந்தின்மேல் ஏற்றினார். ஒன்றும் பற்றி எரியவில்லை. மெத்தையில் போவதுபோலத்தான் போனது. பின்னாலிருந்து கவைக்கோல்காரி கத்தினாள்: "அப்படியே ஒரு தடவ ரிவர்ஸுல வந்துட்டுப் போங்கய்யா!"

அன்றைக்கு ஆசீர்வாதம் ஜென்மத்தில் முதல் தடவையாக ஹாரன் அடித்தார், முதல் தடவையாக மூன்றாவது கியரைத் தாண்டினார், பேராவூரணிக்குச் சற்று முன்னால் அந்தப் பஸ்ஸை முந்தினார். பஸ் நிலையத்தில் சகாயம்மாள் இறங்கியபோது, கண்ணாடி முழுக்கத் தூசியும், வைப்பரில் செடியும், பம்பரில் நெற்றுமாகக் கார் நின்றது. அவர் இறங்கிவந்து தன் கையாலேயே கதவைத் திறந்து பிடித்தார். அவள் முகம் இளகியது. இளகத்தான் செய்தது, நான் பார்க்காவிட்டாலும் சத்தியம் செய்வேன். உள்ளே உட்கார்ந்தாள். கதவுக்குக் கை நீட்டினாள்.

"மெதுவா" என்றார் ஆசீர்வாதம்.

அவர் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. என்ன பிரயோசனம்? அவள் வந்த வேகத்திலேயே இறங்கி, மாதா கோயிலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சகாயம், ஏறு. சகாயம், எல்லாரும் பாக்கறாங்க" என்று கெஞ்சிக்கொண்டே முதல் கியரில் பின்னால் ஊர்ந்தார். கோயில் வாசல் நெருங்க, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் முன்னால் பட்டுப்புடவையில் நிமிர்ந்து நடக்க, கார் நாலடி தள்ளி அடக்க ஒடுக்கமாகப் பின்தொடர, அந்தக் காட்சியை வாசலில் நின்ற லூர்தம்மாள் வாயைப் பிளந்து பார்த்தாள். வழக்கமான கேள்விக்குப் பதிலாக வேறு கேள்வி வந்தது.

"என்ன சகாயம், காரைப் பின்னால வரச் சொல்லிட்டு நீ நடந்து வர்றே?"

சகாயம்மாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "உள்ள வெக்கையா இருக்கு அண்ணி. அது பாட்டுக்கு வரட்டும்னுட்டேன்."

தூசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் யாரென்று லூர்தம்மாளுக்குத் தெரியவில்லை. "டிரைவரெல்லாம் வச்சிருக்கியா!"

"ரொம்ப வருஷமா வச்சிருக்கேன்" என்றாள் சகாயம்மாள். "ஓட்டத்தான் தெரியாது."

திரும்பி வரும்போது அவள் கதவைப் படாரென்று சாத்தினாள். அவர் வாய் திறக்கவில்லை. வழியெல்லாம் ஒரு புதுமையாக இருந்தது. காற்றின் ஊளை இல்லை, கடகட சத்தம் இல்லை. வீடு வந்து சேர்ந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது, அந்தக் கதவு வாங்கிய நாளிலிருந்து இன்றுதான் சரியாகச் சாத்தியிருக்கிறது என்று.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாளே கம்பளி, அங்கி, கொக்கிகளை உபயோகிக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் கொட்டகை ஒழுகி, பம்பருக்குப் பின்னால் சிக்கியிருந்த ஓர் உளுந்து இரண்டு இலை விட்டு முளைத்தது. அதை அவர் பிடுங்கவில்லை. வேரோடு பெயிண்ட் வந்துவிட்டால்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் காரே இல்லை, இது உங்களைப் பற்றியது அல்ல. ரொம்ப சரி. உங்கள் வீட்டு டி.வி. ரிமோட் இன்னும் பாலிதீனுக்குள் இருப்பதும், விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த பீங்கான் கோப்பையில் இதுவரை எந்த விருந்தாளியும் குடிக்காததும், நல்ல புடவை ஒன்று நல்ல நாளுக்காகக் காத்திருந்து மடிப்பிலேயே கிழிந்ததும் வேறு விஷயம். போய்வாருங்கள். புத்தகத்தை மூடும்போது அட்டை மடங்காமல், முனை கசங்காமல், மெதுவாக மூடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, நீங்கள் அப்படித்தான் மூடுவீர்கள்.