டெஸ்டரில் வெட்டம் வராத வயர்

தொட்டால்தான் நம்புவேன் என்கிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. மிக்ஸி, பைக் சைலன்சர், அடுத்த வீட்டு ஃபிரிட்ஜின் முதுகு, எதுவானாலும் புறங்கையை வைத்து, கண்ணைப் பாதி மூடி, நாடி பார்க்கிற வைத்தியரின் தோரணையில் ஒரு ‘ம்ம்’ போட்டுத் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். மேல்முறையீடு கிடையாது.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கும் சுயம்பு இந்த இனத்தில் தலைசிறந்தவர். இருபத்திரண்டு வருஷமாக அங்கே டிரான்ஸ்பார்மரின் சூட்டைச் சொல்லி வந்தது அவர் கை. இந்த வருஷம் அதற்குப் போட்டி வந்தது. புதிய டிரான்ஸ்பார்மருக்குள், செம்புச் சுருளை ஒட்டி, மெல்லிய கண்ணாடி இழை ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் வெளிச்சம், அந்த ஊர்ப் பேச்சில் வெட்டம், போய்த் திரும்பும். அதைக் கொண்டு சுருளின் சூட்டைச் சுவரில் மாட்டிய பெட்டி ஒன்று எண்ணாகக் காட்டும். சுயம்புவுக்கு வயிறு எரிந்தது. தம் கை நுழையாத இடத்தில் ஒரு நூல் நுழைவதாவது!

ஒரு சனிக்கிழமை காலை, சூடு எல்லை தாண்டியதென்று பெட்டி அலறியது. பூவார் கடற்கரையின் மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் ஏற்ற லாரிகள் வாசலில் நின்றன. டிரான்ஸ்பார்மர் கருகினால் ஒரு மாதத்துக்கு ஐஸ் இல்லை, பிடித்த மீன் கரையிலேயே அழுகும். இளம் இன்ஜினியர் ஷிஜா ஓடி வந்தாள். அவள் அப்பன் வாலண்டைனின் வள்ளமும் அந்த ஐஸுக்குத்தான் காத்திருந்தது.

“அண்ணா, லோடு குறைக்கணும். உள்ள நூற்றி இருபத்திநாலு டிகிரி!”

சுயம்பு பதறவில்லை. டிரான்ஸ்பார்மரின் எண்ணெயைக் குளிர்விக்க வெளியே பொருத்தியிருந்த ரேடியேட்டரின், கைக்கு எட்டிய தகட்டில் புறங்கையை வைத்தார். ம்ம்.

“பச்சத்தண்ணி மாதிரி கெடக்கு. பேடிக்காத மக்கா. உனக்க பெட்டிக்காக்கும் கேடு.”

நிரூபிக்க வேண்டாமா? பெட்டியிலிருந்து இழையைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை அதன் முனையில் வைத்தார். டெஸ்டர் எரியவில்லை.

“பாத்தியா? செத்த வயராக்கும். செத்தவன் சாட்சி சொல்லுவானா?”

“அது கண்ணாடி அண்ணா! அதுல கரண்டு ஓடாது, வெட்டந்தான் ஓடும்!”

“கரண்டு ஓடாத்த வயர நான் இதுவரை பாத்ததில்ல.”

இழையைக் கழற்றியதும் எண் மறைந்தது, அலறலும் ஓய்ந்தது. நோய் குணமாகிவிட்டது!

ஷிஜா இழையைத் திரும்ப மாட்டினாள். நூற்றி இருபத்தேழு. இரண்டு கம்ப்ரசர்களை நிறுத்தினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது: உள்ளே இத்தனை சூடு இருக்க, ரேடியேட்டர் மட்டும் எப்படிக் குளிர்ந்து கிடக்கிறது? நிமிர்ந்து பார்த்தாள். ரேடியேட்டரின் மேல் வால்வு மூடியிருந்தது. சூடான எண்ணெய் அதற்குள் வரவே இல்லை.

மூடியது யார்? முந்தின நாள் எண்ணெய்க் கசிவை நிறுத்தப் போய், திறக்க மறந்த சுயம்புதான். அவருக்குக் காது மடல்வரை சுட்டது. ஏணியில் ஏறி வால்வைத் திறந்தார். பெட்டியில் எண் மெல்ல இறங்கியது. மதியத்துக்குள் லாரிகள் பூவாருக்குப் போய்ச் சேர்ந்தன.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? சாயங்காலமே டீக்கடையில் சொன்னார்: “ரேடியேட்டர் குளிந்து கெடக்குண்ணு மொதல்ல சொன்னது எனக்க கையாக்கும்!”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சர்க்கரை முந்நூறு என்று லேப் சீட்டு சொன்ன அன்று, “எனக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே, அவன் மெஷின் சரியில்லை” என்று பாயசத்துக்குக் கிண்ணத்தை நீட்டியவர் யார்?