பரிசோதனை மேனேஜரை நான் வேலைநீக்கம் செய்த விதம்

செமோர்,
செவ்வாய்க்கிழமை.

லூமுட்டில் இருக்கும் மாப்பிள்ளை யுகேந்திரன் அவர்களுக்கு மாமனார் ஐயாவு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை முத்தம்மாவும் நலம். அங்கு நீங்களும் என் மகள் புனிதாவும் நலமாயிருக்க வேண்டுகிறோம். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் கட்டைவிரலைப் போட்டுத் தப்பித்துவிடுகிறீர்கள். ஆகவே தபால்தலை ஒட்டியிருக்கிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது, நம் வீட்டு முன்னறையில் இருக்கும் தோட்டத்துச் சங்கக் கணினியில் மென்பொருள்களை ஏற்றி நீக்கும் பழைய பேக்கேஜ் மேனேஜரை எடுத்துவிட்டு, "புதுசு மாமா, இன்னும் பரிசோதனையிலதான் இருக்கு, ஆனா படு வேகம்" என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போனீர்களே, அதை நேற்றுக் காலை என் கையாலேயே வேலைநீக்கம் செய்துவிட்டேன்!

நேற்றுப் பதினோரு மணிக்கு ஈப்போ நில அலுவலகத்தில், மூடப்பட்ட நம் தோட்டத்தின் நாற்பத்திரண்டு குடும்பங்களின் வீட்டுமனை விண்ணப்பத்துக்கு விசாரணை. பெயர்ப்பட்டியலை அச்செடுக்க ஏழரைக்கு உட்கார்ந்தால் பிரிண்டர் அசையவில்லை. அதற்குரிய மென்பொருள் இல்லையாம். புதிய மேனேஜரிடம் கேட்டேன். ஒன்றை ஏற்ற முந்நூற்றுப் பன்னிரண்டை நீக்கட்டுமா என்றது. உங்களை நம்பி 'ஆம்' என்று அழுத்தினேன். வேகம்தான், பொய் சொல்லக்கூடாது. கண் மூடித் திறப்பதற்குள் தமிழ் எழுத்துருவும் போய், நாற்பத்திரண்டு குடும்பத் தலைவர்களும் கட்டம் கட்டமாக நின்றார்கள். சங்கத் தலைவர் தர்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணே, இருபது வருசமா அலையுறோம் லா. இந்தக் கட்டத்த காட்டியா வீடு கேக்கப் போறோம்?"

முதியோர் கணினி வகுப்பில் கொடுத்த தாளைத் தேடியெடுத்து, பழைய மேனேஜரைத் திரும்ப அழைக்கும் கட்டளையைத் தட்டினேன். எனக்கு அனுமதி இல்லை என்றது. பதினொரு ஆண்டாகச் செயலாளர், எனக்கு அனுமதி இல்லையாம்! மூன்று முறை அதே பதில். "வாங்கண்ணே, ஒரு தே குடிச்சிட்டு வரலாம்" என்று தர்மா என்னை லியாகத் அலி தேநீர்க் கடைக்கு இழுத்துப்போனார். அரை மணி கழித்துத் திரும்பி, நின்றபடியே நான்காவது முறை தட்டினேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது, அடங்கிவிட்டது. பட்டியலைத் திறந்தால், பழனியப்பன் முதல் கடைசிப் பெயர் வரை அத்தனை பேரும் தமிழில்! பிரிண்டர் கடகடவென்று தாள்களைத் துப்பியது. தர்மா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

நில அலுவலகத்தில் அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "லுலுஸ்" என்று ஒப்புதல் முத்திரை குத்தினார். நாற்பத்திரண்டுக்கும் மனை கிடைத்தது, மாப்பிள்ளை! வாசலில் நின்றவர்கள் அழுதார்கள், நானும்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. படிப்பு வேறு, துணிச்சல் வேறு என்று தாங்கள் அறியவேண்டும் என்பதற்காகவே. இனி அந்தக் கணினியைத் தாங்கள் தொட வேண்டியதில்லை.

இருவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க.

அன்புடன்,
ஐயாவு

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் அத்தை சிரிக்கிறாள். "நீங்க தே குடிக்கப் போனப்பவே நான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுட்டேன். அவரு லூமுட்ல உக்காந்துகிட்டே எல்லாத்தையும் மாத்திட்டாரு. நீங்க தட்டினதுக்கு அது 'ஏற்கெனவே இருக்கு'ன்னுதான் சொல்லிச்சாம்" என்கிறாள். ஆகவே மேலே 'நான்' என்று வரும் இடங்களை 'நீங்கள்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். வெளியாரிடம் மட்டும் திருத்திச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.