எடை மேடையில் இறங்கியவள்

மரியாதைக்குரிய ஆர்டித் அத்தைக்கு,

இன்று காலை எடை மேடையில் முதலில் என் கண்ணில் பட்டது, அம்மா பூட்ஸைக் கழற்றியதுதான். பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கதவை லேசாகத் திறந்து, ஓசைப்படாமல் அவற்றைத் தரையில் வைத்தாள்.

மார்வா எழுதுகிறேன். எல்லோரும் நலம், அம்மாவும் அப்பாவும் மட்டும் பேசிக்கொள்வதில்லை. உங்கள் முழங்கால் தேவலை என்று நம்புகிறேன்.

அப்பாவுக்கு வடக்கு டகோட்டாவில் குழாய் பற்றவைக்கும் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும், வாடகை வீட்டையும் காலி செய்கிறோம், இனி கேம்பர் எனும் சக்கர வீடுதான் எங்களுக்கு. எந்தக் கேம்பர் என்பதில்தான் இந்த வாரம் முழுக்கப் போர். அப்பாவுக்கு எஞ்சினோடு தானே ஓடும் பஸ் மாதிரி ஒன்றின் மேல் கண். "அத வாங்கினா அதுக்குள்ளயே பட்டினி கிடக்கணும்" என்றாள் அம்மா. மடக்கிக் கூடாரமாக விரிப்பது மலிவு. ஆனால் டகோட்டாக் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு கனடாவுக்குப் போய்விடும். பிக்கப் முதுகில் கொக்கி மாட்டும் பெரியது அழகுதான், ஆனால் அந்த முதுகில் அப்பாவின் வெல்டிங் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் ஒன்றில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அவரவர் படுக்கையில் படுத்துப் பார்த்தோம். என் மேல் படுக்கைக்கு ஒரு குட்டி ஜன்னல். இழுத்து மூட ஒரு திரை. அத்தை, பள்ளியை விட்டபின் விடுதி வேலையில் எத்தனையோ பேரின் படுக்கையை விரித்திருக்கிறேன், திரை போட்ட படுக்கை எனக்கென்று இருந்ததில்லை. வாயைத் திறந்து "இதுவே" என்று சொன்னது நான்தான் என்று தம்பி ஏம்ஸ் இன்னும் ஊரெல்லாம் சொல்கிறான்.

வாங்கி, சாமான் ஏற்றி, இன்று காலை தானியக் கிடங்கு எடை மேடைக்குப் போனோம். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் அதிக பாரத்தோடு சரிவில் இறங்கி பிரேக் எரிந்து உருண்டதிலிருந்து, வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் எடை வரம்புக்கு மேல் ஒரு பவுண்டு கூடினாலும் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். எடை போடும் அம்மாள் கூண்டுக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில், "பாரம் ஜாஸ்திங்க!" என்றாள். பின்னால் சோளம் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன.

"யாராவது எறங்கிப் பாருங்க," என்றார் அப்பா. "வெர்னா, நீ எறங்கு."

"ஏன், நீங்க எறங்கினா வண்டி அழுமா?"

"நான் ஓட்டணும்ல!"

அம்மா காலுறையோடு இறங்கினாள். அந்த அம்மாள் முன் எடையிலிருந்து பின் எடையைக் கழித்து, விடையை ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டாள். ஒரு லாரிக்காரர் தொப்பியைக் கழற்றினார், மரியாதைக்கா வேறெதற்கா தெரியாது.

"லொவெல்! இந்த ஜென்மத்துல இனி உங்க கூட எடை மேடைல ஏற மாட்டேன்."

"நீ என்கிட்ட சொன்ன கணக்கு வேற இல்ல?"

"அது கல்யாணத்தப்ப சொன்னது!"

அம்மா இல்லாமல் குடும்பம் நடக்காது என்பதால் அவளைத் திரும்ப ஏற்றி, ஏம்ஸை இறக்கினோம், போதவில்லை. அவனை ஏற்றிவிட்டு அடுத்த தம்பி ரோலண்டை இறக்கினோம், போதவில்லை. பிறகு அவனும் ஏறிக்கொள்ள, யாரும் சொல்லாமல் நானே இறங்கினேன். "இப்ப சரியா இருக்குங்க!" என்றாள் அந்த அம்மாள், சந்தோஷமாக. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆர்டித் அக்கா எப்பவோ கேட்டா. மார்வா எங்கிட்ட இருக்கட்டும், கோழிங்கள பாத்துக்குவான்னு," என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். "ஒனக்கு சம்மதமாடி?" "சரி" என்றேன். எனக்கு வருகிற சொல் அது ஒன்றுதான்.

ஆகவே அத்தை, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இடம் தருவதற்கு மிக்க நன்றி. நான் அதிகம் சாப்பிட மாட்டேன். மாமாவுக்கும் கோழிகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். கடவுள் உங்கள் கூரையையும் முழங்காலையும் காக்கட்டும்.

பணிவுடன்,
மார்வா

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்கு முன், என் போர்வையை எடுக்க டிரெய்லருக்குள் போனேன். பின் அறையில், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே, அம்மா விற்றுவிடச் சொன்ன அப்பாவின் சாய்வு நாற்காலி, விசையும் மோட்டாருமாக, கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை, என்னைவிடக் கனம். அப்பா வாசலில் வந்து நின்றார். "மார்வா... அம்மாகிட்ட சொல்லிடாதடி" என்றார். நான் "மாட்டேன்" என்றேன். அத்தை, இந்தச் சொல்லும் எனக்கு வருகிறது. பிறகு, "ஒரு பக்கம் பிடிங்க" என்றேன். அவர் பிடித்தார். நாற்காலியை வெளியே இறக்கி, அதன் கையில் உங்கள் விலாசத்தைக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பதில் அதுதான் வரும். நான் மேல் படுக்கையில் ஏறி, திரையை இழுத்து மூடிக்கொண்டேன்.