கூரைக்கு ஒழுக்கம்

பின்னறையின் கூரையைத் தன் கையாலேயே மூடிவிடுவது என்று அவர் தீர்மானித்தது, மச்சினன் அதன்மேல் ஏறி நின்று சிரித்த மறுநாள்.

மனைவியின் தம்பிக்குக் கூரை போடுவதுதான் தொழில். சமையலறைக்குப் பின்னால் புதிதாகச் சேர்த்த அறையைப் பார்த்துவிட்டு, சரிவு ரொம்பக் கம்மி, தண்ணீர் நின்று நிதானமாகத்தான் இறங்கும், ஒரு விரல் இடம் விட்டாலும் உள்ளே வந்துவிடும், நானே போட்டுத் தருகிறேன் என்றான். "பேனா பிடிக்கிற கை அத்தான் உங்களுது" என்று ஒரு சிரிப்பு வேறு. அவர் அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்திப் பிழைப்பவர். முதுகுக்குப் பின்னால் தன்னை அவன் 'பிழையார்' என்று சொல்வதும் அவருக்குத் தெரியும்.

அறை யாருக்கு என்பது ஏற்கெனவே வழக்கில் இருந்தது. அவருக்கு உட்கார்ந்து படிக்க ஒரு இடம் வேண்டும். அவளுக்குத் தையல் மெஷினை நடைவழியிலிருந்து நகர்த்த வேண்டும். அதில் ஒரு நாளைக்கு நாலு தடவை அவர் முழங்கால்தான் இடிக்கும் என்றாலும், கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

"கூரை ஒழுகலைன்னா ரூம் எனக்கு. ஒழுகுச்சுன்னா உனக்கு. உன் தம்பி ஏணியில கால் வைக்கக் கூடாது."

அவள் வாயில் குண்டூசிகள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினாள். எந்தப் பக்கமாக ஆட்டினாள் என்பதை அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று சுருள் தார் ஷீட்டோடு ஏறினார். அடியில் பசை, காகிதத்தை உரித்து ஒட்டி அழுத்த வேண்டியதுதான். வேர்வையில் நழுவிய கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தார். தரை துடைப்பவர் உள்ளிருந்து வாசலுக்கு வருவதுபோல, மேலே வீட்டுச் சுவரை ஒட்டி ஆரம்பித்துக் கீழே ஏணியை நோக்கி வந்தார். ஒட்டியதை மிதிக்க வேண்டியதில்லை. மச்சினனுக்குக்கூட இது தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஷீட்டும் மேலிருந்த ஷீட்டின் மேல் நாலு விரல் ஏறி உட்கார்ந்தது.

துணி காயப்போட வந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, கீழ் ஷீட்டு மேல் ஷீட்டுக்கு மேல ஏறி நிக்குது. வர்ற தண்ணி நேரா இடுக்குல போகாதா?"

"இது சட்டை இல்ல, கூரை."

"சட்டைக்கே நான் அப்படி மடிக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் கண்ணாடியைக் காணவில்லை. வீட்டையே புரட்டிப் போட்டும் அகப்படவில்லை. பழைய கண்ணாடியின் காலை அவள் நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். அதில் 'ஒழுகும்' என்பதும் 'ஒழுக்கம்' என்பதும் ஒன்றுபோலத் தெரிந்தன. அச்சகத்தில் நாலு நாள் குத்துமதிப்பாகப் பிழை திருத்தினார்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி ஓடி வந்து பின்னறையின் நடுவில் நின்றார். ஒரு சொட்டு இல்லை. மூலைமூலையாகச் சுவரைத் தடவினார். அப்பளமாய் உலர்ந்திருந்தது. மழைக்கும், ஷீட் விற்ற கடைக்காரருக்கும், தன் இரண்டு கைகளுக்கும் மனதார நன்றி சொன்னார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

"ஒழுகாம இருக்கிறதுதான் சார் கூரைக்கு ஒழுக்கம்."

டிரைவர் கூரையைப் பார்த்தார். பிறகு இவர் மனைவியைப் பார்த்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உடனே கிளம்பிவிட்டார்.

நாற்காலியும் புத்தகங்களும் உள்ளே வந்தன. கால் நீட்டி உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தார். எழுத்துகள் நீந்தின. தொலைந்த கண்ணாடி மட்டும் இருந்திருந்தால் என்று அவர் அலுத்துக்கொண்டபோது, அவள் மெஷின் டிராயரிலிருந்து அதை எடுத்துவந்து கொடுத்தாள்.

போட்டுக்கொண்டார். இடது கண்ணில் உலகம் இருண்டு போயிருந்தது. கழற்றித் தேய்த்தார். விரலில் ஒட்டியது. தார்.

கண்ணாடியில் தார் ஒட்ட வேண்டுமானால் அது ஷீட்டுக்கு அடியில் கிடந்திருக்க வேண்டும். ஷீட்டுக்கு அடியில் கிடந்தது மெஷின் டிராயருக்கு வர வேண்டுமானால்... அவர் மெதுவாக அண்ணாந்து பார்த்தார். மேலே மழை பெய்துகொண்டிருந்தது.

"தம்பி எப்ப வந்தான்?"

"செவ்வாக்கிழமை. நீங்க போனப்புறம். உங்களோடதை உரிச்சுட்டு, புதுசா கீழருந்து மேல போட்டான்."

"ஏணியில கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"வைக்கலயே. பக்கத்து வீட்டு மாடி வழியாத்தான் இறங்கினான்."

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. இந்நேரம் டிரைவரின் கண்ணெதிரே சொட்டுச் சொட்டாகப் போயிருக்க வேண்டிய மானம், நனையாமல் பத்திரமாக இருந்தது. அதை மூடிவைத்தவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"பேசாம விட்டிருந்தா ஒழுகியிருக்கும். ரூம் உனக்குத்தானே வந்திருக்கும்?"

"ஒழுகுற ரூமை ஜெயிச்சு நான் என்ன பண்ண?"

அவர் எழுந்தார். நாற்காலியை வெளியே வைத்தார். நடைவழிக்குப் போய் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் மறுபக்கம் பிடித்தாள். ஜன்னலடியில், அதற்கென்றே அளவெடுத்துக் கட்டியதுபோல், மெஷின் உட்கார்ந்துகொண்டது.

நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறு என்னவோ வந்தது.

"தாரைத் துடைச்சுட்டுக் கொடுத்திருக்கலாம்."

"துடைச்சிருந்தா மெஷினை யாரு தூக்கியிருப்பா?" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்தபடி.