டச்சுக்காரிக்குப் பிரசவம், எனக்கு டெமோ கிளாஸ்

பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தில் பூனைக்குச் சோறு வைப்பது, அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரியான வேலை. கரையேறும் ஒவ்வொரு ஃபைபர் படகுக்கும் அங்கே பூனைகள்தான் வரவேற்புக் குழு. வலையை உதறும்போது விழும் பொடிமீனைத் தின்றே கொழுத்துப்போய், காயப்போட்ட கருவாட்டின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும். கருவாட்டை முகர்ந்துகூடப் பார்க்காது. (வயிறு நிறைந்தவர்களுக்கே வரும் ஒழுக்கம்.) அப்படிப்பட்ட ஊருக்கு வெளியிலிருந்து ஒரு பூனையைக் கூடையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கிய ஒரே ஆள் நான்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி அந்தக் குப்பத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பாவின் வேலை காரணமாகப் பொன்னேரியில் வளர்ந்தவள் நான். படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல். என் மாமியாருக்கு (நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) அந்தப் படிப்பின் மேல் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

"மூணு வருசம் இன்னாத்தம்மா படிச்ச? ஒரு மீனு ஆயத் தெரியலியே உனுக்கு."

உண்மைதான். சுறாவின் இதயத்தில் எத்தனை அறை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். சுறாப்புட்டு வை என்றால் அழுதுவிடுவேன்.

எப்படியாவது ஒரு டீச்சர் வேலை வாங்கி அத்தை வாயை அடைக்க வேண்டும் என்று பழவேற்காட்டில் ஒரு தனியார் பள்ளியின் தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பெரிய மேடம்'. டச்சுக் கல்லறையின் மதில் சுவரை ஒட்டித்தான் வீடு. நான் உட்காரப் போன நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பால் வெள்ளை. ஒரு புள்ளி கறுப்பு கிடையாது. வால் நுனி மட்டும் கொக்கி மாதிரி மடங்கியிருந்தது.

"அவன் பேரு துரை," என்றார் மேடம். "சின்னதுல கதவுல மாட்டிக்கிச்சு, அதான் வால் அப்படி. வீட்டை விட்டு வெளியே காலே வைக்க மாட்டான். தெருப் பூனைங்க மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டான்னா பாத்துக்குங்க."

துரை என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நான் நின்றுகொண்டே பேசினேன்.

"பத்தாவதுக்கு மரபியல் பாடம் நடத்திக் காட்டுங்க. பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுதுன்னா வேலை உங்களுக்குத்தான். புத்தகத்தைப் பாத்துப் படிக்கிற டீச்சர் எனக்கு வேணாம். கண்ணு முன்னாடி காட்டி நடத்தணும்," என்றார் மேடம்.

வெளியே வந்தால், கல்லறை வாசல். அந்த வாசலின் இரண்டு பக்கமும் டச்சுக்காரர்கள் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு எலும்புக்கூடுகளுக்கும் நடுவில் ஒரு நிறைமாத கர்ப்பிணி மல்லாந்து கிடந்தாள். வெள்ளை உடம்பில் திட்டுத்திட்டாகக் கறுப்பும் செவலையும். என்னைப் பார்த்து 'மியாவ்' என்றுகூடச் சொல்லவில்லை, வாயை மட்டும் திறந்து மூடினாள். அதிலேயே நான் விழுந்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணாந்து பார்த்தேன். மதில் மேல் ஒரு செவலைக் கடுவன் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கீழே, அவன் மேலே. ஆகவே இருவரும் புருஷன் பெண்டாட்டி. (விலங்கியலில் இதற்கு 'கள ஆய்வு' என்று பெயர்.) மூவண்ணத் தாய், செவலைத் தகப்பன்! மரபியல் பாடப் புத்தகமே என் காலடியில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு படுத்திருக்கிறதே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

வீட்டில் அத்தை கூடையைத் திறந்து பார்த்தார்.

"கடைக்குப் போய்ட்டு வர்றவங்க காய் வாங்கினு வருவாங்க. நீ இன்னாம்மா, வயித்துப் புள்ளக்காரியக் கூட்டினு வந்துகீற?"

"பாவம் அத்தை. டச்சுக் கல்லறைல கெடந்தா."

"ஓ! அப்போ டச்சுக்காரியா?" என்றார் அத்தை. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அன்றிலிருந்து டச்சுக்காரிக்கு ராஜ உபசாரம். காலையில் பால், மத்தியானம் முட்டை, சாயங்காலம் வேகவைத்து முள் எடுத்த கானாங்கத்தை. என் வீட்டுக்காரர் செல்வம் கடலிலிருந்து வந்து, தலையில் உப்புப் பூத்துப்போய் வாசலில் நின்று அதைப் பார்ப்பார்.

"ஏ கலா, அந்த மீனப் புடிச்சது நானு. என்னிக்காச்சும் எனுக்கு முள்ளு எடுத்துக் குடுத்துகீறியா?"

"நீங்க என்ன, மாசமாவா இருக்கீங்க?"

பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் கிழிந்த வலையைப் பொத்துகிற வேலையை விட்டுவிட்டு வந்து டச்சுக்காரியின் வயிற்றைப் பார்த்தார்கள். "வளைகாப்பு எப்போ? தாய்வூட்டு சீரு கப்பல்லதான் வரணும், இல்ல?" என்று கடல் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார்கள். அவ்வளவு பேர் என் வீட்டு வாசலில் கூடியது அதுதான் முதல்முறை. எனக்குள் இருந்த பேராசிரியை சும்மா இருப்பாளா?

அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் கட்டம் போட்டேன். "ஆண் குட்டின்னா அது செவலையா கறுப்பாங்கறத முடிவு பண்றது அம்மாதான். அப்பன் பூனைக்கு அதுல பேச்சே கெடையாது," என்றேன்.

அத்தை முதல்முறையாக என் படிப்பை மரியாதையோடு பார்த்தார். "இதத்தான் நானு இத்தினி நாளா சொல்லினுகீறேன். செல்வம் அப்படியே என்னை மாதிரி. இவுங்க நைனாவுக்கு அதுல இன்னா கீது?"

நான் தொடர்ந்தேன். ஆண் குட்டி என்றால் செவலை அல்லது கறுப்பு. பெண் குட்டி என்றால் செவலை அல்லது மூவண்ணம். அவ்வளவுதான். உடனே முன்பதிவு ஆரம்பமாகிவிட்டது. காட்டூரில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாருக்கு நெல் மூட்டையில் எலித் தொல்லை, அவளுக்கு ஒரு செவலை. எதிர்வீட்டு அக்காவுக்கு மூவண்ணம். கறுப்புக் குட்டியை ஆரம்பத்தில் யாரும் கேட்கவில்லை. பிறகு அதையும் 'திருஷ்டிக்கு நல்லது' என்று ஒருவர் சொல்லிவைத்தார்.

"வெள்ளக் குட்டி வராதா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"வராது."

"ஒண்ணுகூடவா?"

"முழு வெள்ளை வரவே வராது. சயின்ஸ்ல எடமே இல்ல," என்றேன். சுவர்க் கட்டத்தில் கரியால் ஓங்கி ஒரு தட்டு வேறு. இன்றைக்கும் அந்தத் தட்டு என் காதில் கேட்கிறது.

டெமோ நாள் வந்தது. 'கண்ணு முன்னாடி காட்டணும்' என்று பெரிய மேடம் சொல்லியிருந்தாரல்லவா? காட்டிவிடுவது என்று டச்சுக்காரியை மூடி போட்ட கூடையில் வைத்தேன். அன்று காலை அவள் பாலைத் தொடவில்லை. வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்ப் போய்ப் படுத்தாள். பள்ளிக்கூடம் போகிற பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். (பதற்றம் எனக்கு.)

வகுப்பு பிரமாதமாகத்தான் தொடங்கியது. கடைசி பெஞ்சில் பெரிய மேடம். மேசைமேல் கூடை. கரும்பலகையில் என் கட்டம். டச்சுக்காரியைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, மறுபடி மூடியைப் போட்டு, கணீர் குரலில் நடத்தினேன். பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள். மேடம் தலையசைத்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே முடிவு செய்து, வாங்கப்போகிற கைப்பைக்கு நிறம் தேர்ந்தெடுக்கப் போய்விட்டது மனசு.

கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மியாவ் இல்லை. கதவுக் கீல் போன்ற ஒரு கீச்சு.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே முதல் குட்டி பிறந்திருந்தது. மூன்று வருஷம் படித்த விலங்கியலில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. 'ஐயோ, வாயில்லா ஜீவனை இந்த நிலைமையில் ஆட்டோவில் குலுக்கிக் கூட்டிவந்துவிட்டேனே' என்ற ஒன்றுதான் ஓடியது. கூடையை மெதுவாகத் தரையில் இறக்கி, என் துப்பட்டாவை மேலே விரித்தேன். பிள்ளைகளைப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். அவர்கள் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்தார்கள். டச்சுக்காரி மட்டும் எந்தப் பதற்றமும் இல்லாமல் குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், என்ன கலர்?" என்று கிசுகிசுத்தான் ஒருவன்.

துப்பட்டாவை ஓரமாகத் தூக்கினேன். ஈரமாக, ரோஸ் நிறத்தில், தோலுரித்த இறால் மாதிரி இருந்தது.

"ஈரமா இருக்கு. காய்ஞ்சாத்தான் கலர் தெரியும்," என்றேன்.

காய்ந்தது. வெள்ளை.

இரண்டாவது வந்தது. வெள்ளை. மூன்றாவதற்கு வகுப்பே கையைக் கூப்பிக்கொண்டு காத்திருந்தது. வெள்ளை. கரும்பலகையில் என் செவலையும் கறுப்பும் மூவண்ணமும் அழகான கையெழுத்தில் அப்படியே இருந்தன. நாலாவதாவது என் மானத்தைக் காப்பாற்றும் என்று நம்பினேன். அது மற்ற மூன்றையும்விட வெளுப்பாக இருந்தது.

இந்த இடத்தில் அறிவுள்ள ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருப்பாள். எனக்கோ அந்த நேரம் பார்த்துப் படித்ததெல்லாம் திரும்பி வந்தது.

"பிள்ளைங்களா, மரபியல் பொய் சொல்லாது! நான்தான் அப்பாவைத் தப்பாச் சொல்லிட்டேன். வெள்ளைங்கறது ஒரு நிறமே இல்ல. மத்த நிறத்துக்கு மேல அடிச்ச சுண்ணாம்பு. அப்பா முழு வெள்ளையா இருந்தா குட்டி எல்லாம் வெள்ளையாப் பொறக்கலாம். அப்படின்னா இதுங்களோட அப்பா யாரு?"

"வெள்ளைப் பூனை!" என்றது வகுப்பு.

"கரெக்ட்! நம்ம ஊர்ல முழு வெள்ளைக் கடுவன் எத்தனை இருக்கு?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், வாலு!" என்று கத்தினாள். "வாலு மடங்கிக்கீது மேடம்! அப்படியே துரை!"

இரண்டு குட்டிகளுக்கு வால் நுனி கொக்கிபோல மடங்கியிருந்தது. அப்போதாவது நிறுத்தினேனா?

"பாத்தீங்களா, கதவுல மாட்டி மடங்கின வால் பரம்பரையா வராது. அப்போ அந்த வால் பொறவிலேயே..."

அதற்குள் என் கண் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டது. பெரிய மேடம் எழுந்தார். வகுப்பை விட்டு வெளியே போனார்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலை போனது. கிடைப்பதற்கு முன்பே போன வேலை. ஒரு மரியாதையான வீட்டுப் பிள்ளையின் நடத்தையைப் பத்தாம் வகுப்பு முன்னால் கட்டம் போட்டு நிரூபித்தவளுக்கு யார் சம்பளம் தருவார்கள்? பள்ளிக்கூட ஆயாவின் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினேன். அத்தை கிளம்பி வந்தார்.

அத்தை வகுப்புக்குள் நுழையவும், பெரிய மேடம் திரும்பி வரவும் சரியாக இருந்தது. மேடம் கையில் ஒரு கிண்ணம் பால். கக்கத்தில் துரையின் மெத்தை. யாரையும் பார்க்காமல் மெத்தையைக் கூடைக்குப் பக்கத்தில் போட்டு, பாலை வைத்து, குட்டிகளைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மூக்குகூட அவன் மூக்குதான்," என்றார் கடைசியில், மிகவும் தாழ்ந்த குரலில்.

அத்தை குட்டிகளைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்யாணப் பேச்சுக்கு வந்தவர் போல நிமிர்ந்து நின்றார்.

"பொண்ணு எங்க வூட்டுப் பொண்ணு. பையன் உங்க பையன்னு தெரிஞ்சுபோச்சி. ஆனது ஆச்சி, விடுங்க சம்பந்தியம்மா. இனிமே நடக்கறதப் பாப்போம்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பெரிய மேடத்தின் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். அடுத்த நொடி அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். அதைப் பார்த்து வகுப்பே ஓவென்று சிரித்தது.

சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைங்களுக்குப் புரியுதும்மா. ரொம்ப நல்லாவே புரியுது. வேலை உங்களுக்குத்தான்."

"ரொம்ப நன்றி மேடம்!"

"ஆனா கணக்கு எடுங்க. உயிரியல் பக்கம் வராதீங்க."

இத்தனை வருஷமாக நான் அங்கே கணக்கு டீச்சர்தான். இரண்டு குட்டிகள் 'அப்பா வீட்டிலேயே' தங்கிவிட்டன. ஒன்று காட்டூருக்கு எலி பிடிக்கப் போனது. (செவலைக்குப் பதில் வெள்ளையா என்று நாத்தனார் இன்றும் சொல்லிக்காட்டுவாள்.) இன்னொன்றும் டச்சுக்காரியும் எங்கள் குப்பத்திலேயே கொழுத்தார்கள். அத்தை பழவேற்காடு போகும்போதெல்லாம் பெரிய மேடத்துக்கு நல்ல மீனாக எடுத்துப்போவார். "சம்பந்தி வூட்டுக்கு வெறுங்கையோடவா போவறது?"

எங்கள் வீட்டில் 'வெள்ளைக் குட்டி' என்றால் இப்போது பூனையல்ல. இன்றைக்கு வலை கிழிய சங்கரா மீன் விழும் என்று சொல்லிவிட்டுப் போகிற செல்வம், கரையேறியதும் போன் போட்டு, "வெள்ளக் குட்டிதான் கலா," என்பார். மீனுக்காகக் கொதிக்கவைத்த குழம்பை இறக்கி வைத்துவிடுவேன். டிவியில் புயல் வரும் என்று சொல்லி வராமல் போனாலும் அதேதான். என் மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்து தொண்ணூறு வரும் என்றால், உள்ளேயிருந்து அத்தை, "பாத்து, வெள்ளக் குட்டி போடப் போவுது," என்பார்.

பள்ளியில் எனக்கு நல்ல பெயர். இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாம் நான்தான் எடுக்கிறேன். நிகழ்தகவுப் பாடம் வரும்போது மட்டும், நான் கேட்காமலேயே, சம்பந்தியம்மா வேறு டீச்சரை அனுப்பிவிடுகிறார்.