காமெலியா நிறம் மாறியது

காமெலியாச் செடியிலிருந்து இன்னொரு மொட்டு பொத்தென்று விழுந்தது. பிழைதிருத்துநர் அதை எடுத்துக் காம்பிலேயே மறுபடி பொருத்திப் பார்த்தார். நிற்கவில்லை.

மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி, கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: “நீங்க கடையில சாப்பிட்டுக்குங்க. செடிய மட்டும் பட்டினி போட்டுடாதீங்க.”

அவர் பட்டினி போடவில்லை. காலையிலும் மாலையிலும் வாளி வாளியாக ஊற்றினார். மொட்டுகள் உதிரத் தொடங்கின.

‘குளிருதோ என்னமோ’ என்று தொட்டியை இழுத்துவந்து நல்ல வெயிலில் வைத்தார். இலைகள் கருகின. அச்சகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். மிச்சமிருந்த பச்சையும் மஞ்சளாகிப் போனது.

அன்று பார்த்து மனைவி போன் செய்தாள்.

“என் செல்லம் எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“உங்களக் கேக்கல.”

“அதுவும்... என்னை மாதிரிதான் இருக்கு.”

“சரி, நாளைக்குக் காலையில வந்துடறேன்.”

போனை வைத்த கையோடு அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு நாற்றுப்பண்ணைக்கு ஓடினார்.

“வெள்ளைக் காமெலியா வேணும்ப்பா, பூவோட.”

“சிவப்புதான் சார் இருக்கு. அதுவும் ஒண்ணே ஒண்ணு.”

வேறு வழியில்லை. வாங்கிவந்து அதே தொட்டியில் நட்டார். பட்டுப்போனதைக் குளியலறைக்குப் பின்னால் ஒளிக்கும்போது, அடுத்த வீட்டுத் தையல்காரம்மா சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டாள்.

“அண்ணிகிட்ட சொல்லிடாதம்மா!”

“நான் எதுக்குண்ணே சொல்லப்போறேன்?” என்று சிரித்தாள்.

மறுநாள் மனைவி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே செடியிடம் போனாள். பூவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பூவைப் பார்த்தாள்.

“உரத்தைக் கொஞ்சம் மாத்தினேன்,” என்றார் அவர். “அதுல நிறம்... நிறமும் மாறிடுமாம்.”

“ஆமாமா, மாறும், மாறும்! நானும் கேள்விப்பட்டிருக்கேன்,” என்று அவசர அவசரமாகச் சொன்னாள் மனைவி. “இருங்க, டீ போடறேன்.” விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் இத்தனை சுலபமாக நம்பியதே இல்லை. அவர் மலைத்துப்போய் நின்றார்.

தையல்காரம்மா சுவரோரம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்களுக்காவது சிவப்பு கிடைச்சுதே அண்ணே! போன வருஷம் நீங்க ஆசையா வாங்கிக் குடுத்த சிவப்புச் செடி பூக்கறதுக்கு முன்னாடியே பட்டுப்போனப்போ, நானும் அண்ணியும் எங்கெல்லாமோ தேடினோம், வெள்ளைதான் கிடைச்சுது.”