ஏழு கிலோ அற்புதம்

மலிவு விலை விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோ. இருபத்தொன்று என்றால் கவுண்டரில் இருக்கிற பெண் சிரித்த முகத்தோடு கட்டணச் சீட்டை நீட்டுவாள். அந்தத் தொகையைப் பார்த்தால், டிக்கெட் எடுத்தது நமக்கா பெட்டிக்கா என்று சந்தேகம் வந்துவிடும். நான்கு வருஷச் சம்பாத்தியத்தைப் பொருளாக வாங்கிக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து தரையில் குந்தி, சோப்பை விடுவதா கம்பளியை விடுவதா என்று தெரியாமல் கண்ணைக் கசக்குவது தினசரிக் காட்சி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மகான் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தோன்றினார். டயர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், மாத வாடகைக்கு.

பாரமிறக்கியார் என்று அவரைச் சொன்னார்கள். அவர் பெட்டியைத் திறக்கமாட்டார். ஒரு கைக்குட்டையைக்கூட வெளியே எடுக்கமாட்டார். கண்ணை மூடி மந்திரம் சொல்வார். ஏழு கிலோ இறங்கிவிடும். பொருள் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும், எடை மட்டும் போய்விடும். எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. தொலைந்தால் சரி என்பதுதான் பொதுக் கருத்து.

பொழுது விடிந்ததும் படிக்கட்டு நிறையப் பெட்டிகள். சுவரில் விதிகள் எழுதிய பலகை. பெட்டியைத் தராசில் சொந்தக்காரர்தான் வைக்க வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. எடை இறங்கிய பெட்டியை விமான நிலையம் போகும்வரை மறுபடி நிறுத்துப் பார்க்கக்கூடாது. சந்தேகப்பட்டால் இறங்கிய எடை திரும்ப ஏறிவிடும். கடைசியாக, எடை குறையவில்லை என்றால் காணிக்கை முழுவதும் வாபஸ். இரண்டு நாளைக்குள் ரசீதோடு நேரில் வர வேண்டும்.

கடைசி விதியைப் படித்துத்தான் ஜனங்கள் உருகிப்போனார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா! விமானம் ஏறிப் போனவன், கடல் தாண்டி ஊரில் இறங்கியவன், ஒரு ரசீதை நீட்டுவதற்காக இரண்டு நாளில் எப்படித் திரும்பி வருவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இதுவரை பணம் கேட்டு யாரும் வரவில்லை. அதுவே மகானின் சக்திக்கு முதல் சாட்சியாகிவிட்டது.

இந்த வரிசையில்தான் சலவைக்கூடத்து அக்காவும் நிற்க வேண்டியிருந்தது.

அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷ வேலை. ஒரு மெஷினுக்கு இருபத்தைந்து கிலோ துணி. ஒன்றிரண்டு கிலோ கூடினால் மெஷின் தடதடவென்று ஆடும், மேற்பார்வையாளர் ஓடி வந்து கத்துவார். அங்கே இருந்த தராசு அக்கா சேர்ந்த இரண்டாம் வருஷமே கெட்டுப்போயிற்று. புதுத் தராசு கேட்டு மேற்பார்வையாளர் கடிதம் எழுதினார், இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அக்காவின் கைதான் தராசு. மூட்டையைத் தூக்கினால் போதும், அரைக் கிலோ பிசகாமல் சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை அவளுக்கு விமானம். பெட்டி இருபத்தேழு கிலோ. அதில் பதினோரு கிலோ ஒரு தையல் மெஷின், இரும்பில் வார்த்தது, மூடிவிட்ட ஒரு தையல்கடையில் வாங்கியது. ஊரில் தங்கை அடிக்கிற புருஷனை விட்டு இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்து, வாடகை மெஷினில் தைத்துப் பிழைக்கிறாள்.

"அக்கா, மெஷின் வந்துடும்ல?" என்று தங்கை போனில் கேட்டாள். "திங்கக்கிழமை தன்னோடத எடுத்துட்டுப் போயிடுவேன்னு வாடகை மெஷின்காரம்மா கறாரா சொல்லிட்டா. நான் பள்ளிக்கூட யூனிபார்ம் நூறு செட்டுக்குச் சரின்னு சொல்லி வச்சிருக்கேன். மெஷின் இல்லேன்னா அடிச்சவன் காலிலயே போய் விழ வேண்டியதுதான்."

"யாரு காலிலயும் விழ வேணாம். வந்துடும்டி."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அக்காவுக்கே தெரியவில்லை. கவுண்டரில் கட்டச் சொல்கிற தொகைக்கு அவளிடம் வழி இல்லை. பெட்டியில் மீதி இருப்பவையோ சாதாரணப் பொருள்கள் அல்ல. மாமியாருக்குக் கம்பளி, சித்தப்பாவுக்கு ஃபிளாஸ்க், கொழுந்தனுக்கு ஷூ, ஊரில் யார் யாருக்கோ சோப்பு, ஷாம்பூ, பால் பவுடர். ஒன்றை விட்டுவிட்டுப் போனாலும் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். பாரமிறக்கியாரிடம் காணிக்கை கட்டி வியாழக்கிழமைக்குச் சீட்டு வாங்கினாள்.

புதன்கிழமை அவளுடைய அறைத்தோழி, ரொட்டிக் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறவள், பாரமிறக்கியாரிடம் பெட்டியின் எடையை இறக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை பயணம்.

"அக்கா, இருபத்தாறு பத்தொம்பதாயிடுச்சு! தராசை மூடியிருக்கிற துணியை விலக்குறாரு, முள்ளு பத்தொம்பதுல நிக்குது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

அறையைக் கூட்டுவதற்காக அக்கா அந்தப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்தாள்.

"இது இருபத்தாறுதாண்டி."

"ஐயோ, சொல்லாதீங்கக்கா! சந்தேகப்பட்டா ஏறிடும்!"

"அப்ப தராசுல வச்சுப் பாத்துரலாம்."

"பாத்தாலும் ஏறிடும்க்கா!"

"பாக்கலேன்னா?"

"இறங்கியே இருக்கும்."

அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். பொய் என்று கை சொன்னது. பொய்யாக இருந்துவிடக்கூடாதே என்று மனசு கெஞ்சியது. பதினோரு வருஷம் தவறாத கையைவிட ஒரு நாள் பார்த்த மகான் பெரியவராகிவிட்டார். பயம் வந்தால் யாருக்கும் இப்படித்தான்.

வியாழக்கிழமை அறைத்தோழியையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஒரு சீடர், நல்ல தாட்டியான மனிதர், பெட்டியை நிறுத்து 'இருபத்தேழு' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் மறைந்தார். கூடத்து நடுவில் இரும்புத் தராசு. அதன் முகத்தைச் சிவப்புத் துணி மூடியிருந்தது. தராசுக்கு நேர் மேலே கூரையில் ஒரு பித்தளை வளையம். அதன் வழியாக மஞ்சள் கயிறு ஒன்று இறங்கி வந்தது. நுனியில் கொக்கி. மறுமுனை திரைக்குப் பின்னால் போயிற்று. அது மேலுலகத் தொடர்பு என்று பக்கத்தில் இருந்த டாக்சி டிரைவர் விளக்கினார்.

மகான் கொக்கியைப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டுவார். கண்ணை மூடுவார். மந்திரம் முடிந்ததும் ஒரு தடவை இருமுவார். பிறகு சிவப்புத் துணியை விலக்குவார். முப்பத்தொன்று இருபத்துநாலாயிற்று. இருபத்திரண்டு பதினைந்தாயிற்று. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எல்லாருக்கும் ஏழுதானா அண்ணே?" என்று அக்கா டிரைவரிடம் கேட்டாள். "பெரிய பெட்டிக்கும் ஏழு, சின்னப் பெட்டிக்கும் ஏழா?"

"மகான் ஆள் பாத்துப் பண்ணமாட்டாரும்மா. எல்லாரும் சமம்."

அக்கா தன் பெட்டியைப் பார்த்தாள். துணி மூட்டை போடுகிற புத்தி அவளுக்கு. ஏழு கிலோ இருக்கிற மூட்டையிலிருந்து ஏழு கிலோ எடுக்கலாம். ஏழு கிலோவே இல்லாத பெட்டியிலிருந்து ஏழு கிலோ எங்கேயிருந்து இறங்கும்?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடைக்குப் போனாள். பெட்டியில் இருந்த ஒரு போர்வையை விரித்து, மெஷின் முதல் சோப்பு வரை எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். அறைத்தோழிக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"என்னக்கா பண்றீங்க! சாமி குத்தம் ஆயிடும்!"

"நீ இதையெல்லாம் பாத்துக்கோ. யாராவது ஷாம்பூவ எடுத்துடப் போறாங்க."

காலிப் பெட்டி மூன்று கிலோ. முறை வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து, முக்கி முனகி, தானே தராசில் ஏற்றினாள். அடுத்தவர் கை படக்கூடாது என்று விதி போட்டது மகான்தான், அக்கா அல்ல. பாரம் தூக்குகிற மாதிரி நடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

மகான் கொக்கியை மாட்டினார். கண்ணை மூடினார். மந்திரம் முடிந்தது. இருமினார்.

பெட்டி விருட்டென்று மேலே எழுந்து மகானின் தாடையில் ஒரு போடு போட்டது. அதே நேரம் திரைக்குப் பின்னால் பொத்தென்று ஏதோ விழுந்தது. "ஐயோ, என் காலு!" என்று ஒரு குரல். பெட்டி மார்பளவு உயரத்தில் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். கூட்டம் தரையில் விழுந்து கும்பிட்டது.

"பறக்குது! பெட்டி பறக்குது!"

"எனக்கும் இதே மாதிரி பண்ணுங்க சாமி! கூடக் காணிக்கை தர்றேன்!"

மகான் தாடையைத் தடவிக்கொண்டே, "இந்த அம்மாவோட பக்தி முத்திப்போச்சு" என்றார். தொழில் தெரிந்த மனிதர், சட்டென்று சமாளித்துவிட்டார்.

"சாமி, இதுல ஒண்ணுமே இல்ல" என்றாள் அக்கா. "வெறும் பெட்டி. மூணு கிலோ. மூணுல ஏழு போனா எத்தன?"

கூட்டத்தில் படித்தவர் ஒருவர் இருந்தார். "மைனஸ் நாலு!" என்று கத்தினார்.

"அப்ப சரியாத்தானே இருக்கு!" என்றார் டிரைவர். "மைனஸ் நாலுன்னா பறக்கத்தானே செய்யும்?"

ஆமாம் ஆமாம் என்று கூடமே தலையாட்டியது. அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"ரொம்பச் சரி. மைனஸ் நாலுன்னா கயிறு எதுக்கு? கொக்கியக் கழட்டுங்க. பெட்டி அப்படியே நிக்கட்டும். நானும் விழுந்து கும்பிடுறேன்."

இப்போது எல்லாருடைய கண்ணும் கயிற்றின் மேல் போயிற்று.

"தொடாதே! தோஷம்!" என்று மகான் பாய்வதற்குள் அக்கா பெட்டியைச் சற்றே தூக்கி, கொக்கியைக் கழற்றி, கையை விட்டாள். பெட்டி எல்லாப் பெட்டியையும் போலத் தரையில் விழுந்தது. ஒரு சக்கரம் கழன்று மகானின் காலடிக்கு உருண்டு போயிற்று.

அக்கா திரையை இழுத்தாள். சீடர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் கயிற்றின் மறுமுனை, அதில் கட்டிய மணல் மூட்டை. மூட்டையின் மேல் சாக்பீஸால் பெரிதாக ஏழு என்று எழுதியிருந்தது. கூரையில் ஒரு இரும்பு உருளை.

"இது லிப்ட்டு உருளையாச்சே!" என்றார் டிரைவர்.

"அவரு லிப்ட் மெக்கானிக்கா இருந்தாருங்க" என்றார் சீடர், வலி பொறுக்காமல். "இருமினா மூட்டையை விடணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மணல் மூட்டை கீழே இழுக்க, கயிறு பெட்டியை மேலே இழுத்திருக்கிறது. கொக்கியைக் கழற்றினால் எடை திரும்ப வந்துவிடும், அதைத்தான் மறுபடி நிறுத்துப் பார்க்கக்கூடாது என்றிருக்கிறார். ஊருக்குப் போனவர்கள் எல்லாம் கவுண்டரில் முழுக் கட்டணமும் கட்டிவிட்டு, வரிசையில் நிற்கும்போது நாம்தான் சந்தேகப்பட்டுவிட்டோம் என்று தங்களையே நொந்துகொண்டு விமானம் ஏறியிருக்கிறார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மகான் மந்திரம் எதுவும் சொல்லாமலே காணிக்கையெல்லாம் திரும்ப வந்தது. அப்போதும் மூலையில் ஒருவர், "இவரு போலிதான், ஒத்துக்கிறேன். அசல் ஒருத்தர் எங்கயாவது இருப்பாருல்ல?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நடையில் அறைத்தோழி போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "இப்ப என் பெட்டிக்கு என்னக்கா பண்றது?"

"தொறக்கணும்."

அக்கா தன் பெட்டியில் முதலில் மெஷினை வைத்தாள். அதைச் சுற்றித் தங்கை பிள்ளைகளின் துணி. பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எடை பார்த்து, வைத்தாள், விலக்கினாள். ஃபிளாஸ்க் நின்றது, ஷூ நின்றது, கம்பளி நின்றது. மாமியார் ஒரு மாசம் பேசமாட்டார். அதற்கு விமானக் கம்பெனி கட்டணம் வாங்குவதில்லை. கையால் தூக்கிப் பார்த்தாள். கை இருபது என்றது. இந்தத் தடவை நம்பினாள்.

சனிக்கிழமை கவுண்டரில் பத்தொன்பதே முக்கால். திங்கட்கிழமை வாடகை மெஷினைக் கேட்டு வந்த அம்மாள் அதைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போனாள். தங்கை தன் சொந்த மெஷினில் முதல் யூனிபார்முக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விமானத்தில் பெட்டிக்கு இருபது கிலோதான் அனுமதி. மூளைக்கு அளவும் கிடையாது, கட்டணமும் கிடையாது. அதைத்தான் பாதிப் பேர் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அடுத்த பயணத்துக்காவது எடுத்துக்கொண்டு போங்கள்.